ஆவுடைத்தாயின் வீட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வயது

ஆரைக்கோட்டையில் பார்ப்பதற்கு ஐந்து இடங்கள் இருந்தன. மேற்கே மலையை ஒட்டி இடிந்துபோன மண்கோட்டை, அதன் காலடியில் யானை இறங்கிக் குளித்த குளம், பெரிய தெருவில் பல்லக்கை இறக்கிவைத்த கல், சந்தைக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் ஏழு பேரைத் தூக்கிலிட்ட வளைவு, அதிலிருந்து நூற்றிருபது அடி தள்ளி, காய்ச்சலில் செத்துப்போன ஒரு துரையின் மனைவி படுத்திருக்கும் கல்லறை. சாரல் காலத்தில் அருவிக்குப் போகிற பேருந்துகள் எல்லாம் இந்த ஊர் வழியாகத்தான் போயின, ஆனால் ஒன்றும் நின்றதில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு ஆறு இடமாவது இருக்கிற ஊரில்தான் வண்டியை நிறுத்துவது என்று சுற்றுலாக்காரர்கள் தங்களுக்குள் ஒரு வரைமுறை வைத்திருந்தார்கள்.

அந்த ஆறாவது இடத்துக்காக ஊர் ஒன்பது வருஷம் அலைந்தது. மூடிப்போன அரிசி ஆலையின் புகைபோக்கியைச் சொல்லிப் பார்த்தார்கள், இரண்டு தலை விட்ட பனையைச் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு வருஷம் வாய்க்கால் மதகுக்குச் சுண்ணாம்பு அடித்து அதன்மேல் ஓர் அரசனின் பெயரைக்கூட எழுதிப் பார்த்தார்கள். வந்து பார்த்தவர்கள் ஐந்துக்கு மேல் எண்ண மறுத்துவிட்டார்கள்.

அப்படி இருக்கையில், ஆனி மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சாரல் விழுந்துகொண்டிருந்த விடியலில், வடக்குத் தெருவில் இருக்கும் ஆவுடைத்தாயின் வீட்டுக்கு நானூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது. முந்தின நாள்வரை அது மூன்று அறையும் ஒரு கழிவறையும் கொண்ட, பச்சை வண்ணம் அடித்த காரை வீடு. அன்று காலையில் சுவர்கள் கருங்கல்லாகியிருந்தன, சிமெண்டுத் தரை நூறாயிரம் கால் நடந்து வழுவழுத்த பாறைப் பலகையாகியிருந்தது, முன்னறையைத் தாங்கிய இரண்டு இரும்புக் குழாய்களின் இடத்தில் வாய் பிளந்த யாளிகள் நின்றன, கூரையில் முப்பத்தாறு வௌவால்கள் தொங்கின, பீடிக் கட்டுகளை எண்ணி அவள் கரிக்கோடு போட்டுவந்த சுவரில் யாராலும் படிக்க முடியாத எழுத்து ஒன்பது வரி ஓடியது, செத்துப்போன கணவனின் படம் மாட்டியிருந்த இடத்தில் வாள் பிடித்த ஒரு கல் உருவம் நின்றது, அதன் மீசை மட்டும் அவனுடையதாக இருந்தது. ஆவுடைத்தாய் படுத்தபடியே இருந்தாள், ஐம்பத்தைந்து வயதில் ஒரு நாளும் கூடவில்லை. எழுந்து வௌவால் எச்சத்தைப் பெருக்கித் தள்ளினாள், தேயிலை போட்டுக் குடித்தாள், பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாசானம் கொத்தனார் வீட்டுக்கு நடந்தாள், ஏனென்றால் வீட்டில் எது கெட்டாலும் அதைக் கட்டினவரிடம் சொல்வதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்.

மாசானம் அந்த வீட்டை இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கட்டினார். அவருக்கு இப்போது அறுபத்துநான்கு வயது, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், நாலு பேர் நடுவில் நின்று பேசக் கூச்சப்படுகிறவர், ஆனால் தன் கை பட்ட எந்தச் சுவரிலும் எத்தனை கல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஊரில் பாகப்பிரிவினை என்றால், எல்லைத் தகராறு என்றால், அளவுநாடாவைத் தேடமாட்டார்கள், மாசானத்தைக் கூப்பிட்டு அனுப்புவார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று சொல்வார், அதோடு சண்டை முடிந்துவிடும். அன்றைக்கு அவர் ஆவுடைத்தாயின் வீட்டைச் சுற்றி இரண்டு முறை வந்தார், உள்ளே போய்க் கையால் சாண் போட்டார். பக்கத்து வீட்டுச் சுவருக்காகக் குறைத்துக்கொண்ட அடுக்களை அதே ஏழே முக்கால் அடி, தெற்குச் சுவரில் தூக்குக்குண்டுக்கு அரை விரல் விலகிப்போன இடத்தில் அதே அரை விரல். வெளியே வந்து, தன் கட்டடம்தான், ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது செங்கல், எண்பத்து மூன்று நாள் வேலை, வயதுதான் ஏறியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, மழைக்கு ஒழுகாது என்று சொன்னார். ஆவுடைத்தாய்க்கு அது போதுமாக இருந்தது. முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாளியின் காலில் சாய்ந்து, அன்றைய ஆயிரம் பீடியைச் சுற்ற உட்கார்ந்தாள்.

ஊர் அந்த வீட்டை மூன்று நாளில் பழகிக்கொண்டது. முதல் நாள் பெண்கள் வந்து அவளுடைய தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார்கள், நரை கூடியிருக்கிறதா என்று. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி, தன் வீடு இதைவிட ஆறு வருஷம் மூப்பு, நியாயமாகப் பார்த்தால் தன் வீட்டுக்குத்தான் இது வந்திருக்க வேண்டும் என்று தெருவில் நின்று குறைபட்டுக்கொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து வடக்குத் தெருக்காரர்கள் ஒட்டுவாரொட்டியாகத் தங்கள் சுவருக்கும் வந்துவிடாதா என்று அவள் வீட்டுச் சுவரில் முதுகை உரசிவிட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் போய் உரசினார்கள். தேநீர்க் கடைக்காரர் இரண்டு பலகை அதிகம் வாங்கிப்போட்டார். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த கோமதிநாயகம் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு பிரம்பும் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டைக் கட்டிய அரசனின் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அரசனுக்கு மீசை எப்படி வந்தது என்று தெரியாததால் அந்தப் பகுதியை மட்டும் நீட்டிச் சொன்னான். அவனும் சிறுவயதில் அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தவன்தான், அதை அவனே யாரிடமும் மறைக்கவில்லை, ஆனால் ஒரே வாயில் இரண்டையும் சொல்வதில் அவனுக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை.

பதினோராம் நாள் பழங்கட்டடக் காப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா ஐந்து பேரோடு வந்தாள். நல்ல குணமுள்ளவள், செருப்பைத் தெருவிலேயே கழற்றினாள், ஆவுடைத்தாய் கொடுத்த தேயிலைத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள், கல்லைத் தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, நானூற்றுப் பன்னிரண்டு வருஷம் என்று சொன்னாள். முன்னறைக்குக் கொலுமண்டபம் என்றும், அடுக்களைக்கு மடைப்பள்ளி என்றும், கழிவறைக்குக் காவலர் அறை என்றும் பெயர் எழுதிப் பலகை நட்டார்கள். புராதனக் கட்டடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். ஆவுடைத்தாய் வீட்டுவரி ரசீது இருபத்தேழையும் நூலில் கோத்து எடுத்துவந்து நீட்டினாள். அதிகாரியம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது ஒரு வீட்டுக்குப் போட்ட ரசீது, அப்படி ஒரு வீடு இங்கே இருந்தது என்பதை யாராவது காட்ட வேண்டும் என்றாள்.

அதற்காக இருபத்துநாலாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் விசாரணை வைத்தார்கள். இருநூற்றுப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். ஆவுடைத்தாய் முதல் வரிசையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள், அன்றைய பீடியை அவளால் விட முடியாது. மாசானம் ஒரு தூணை ஒட்டி நின்றார்.

அதிகாரியம்மா அநியாயம் பேசவில்லை. மண்ணுக்கு மேலே இருந்ததெல்லாம் பழசாகிவிட்டது, மண்ணுக்குள் மூடிக் கிடந்தது மாறவில்லை, முற்றத்தில் தோண்டிப் பார்த்தபோது தண்ணீர்க் குழாய் புதுசாகவே இருந்தது, ஆனால் குழாயை யாரும் பிற்பாடு பதித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, இந்தப் பக்கத்தில் நிலை வைக்கும்போது நிலைக்காலுக்கு அடியில் ஒரு முடிச்சு வைக்கிற பழக்கம் உண்டு அல்லவா என்று கேட்டாள். உண்டு என்றது ஊர். நவதானியமும், பொட்டுத் தங்கமும், அந்த வருஷத்து நாணயம் ஒன்றும் மஞ்சள் துணியில் முடிந்து கொத்தனார் கையில் கொடுப்பார்கள், வீட்டுக்காரர்கள் கிழக்கே திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள், கொத்தனார் முடிச்சை வைத்து, காரை போட்டு மூடி, கரண்டியால் மூன்று முறை தட்டின பிறகுதான் திரும்ப வேண்டும், அதை வைப்பதைப் பார்த்த வீட்டில் எதுவும் தங்காது என்பார்கள். அப்படியானால் அந்த நாணயத்தில் இருக்கும் வருஷத்தைப் பார்த்தால் போதும், இது இந்த அம்மாவின் வீடு என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்றாள் அதிகாரியம்மா. ஆனால் நிலையைப் பெயர்த்தால் கல் விண்டுபோகலாம், கண்ணை மூடியிருந்தவள் சொல்வதை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது, வைத்தவர் வாக்குமூலம் வேண்டும். அந்த முடிச்சில் என்ன இருந்தது, அதை எங்கே வைத்தார், இதை மட்டும் கொத்தனார் சொல்லட்டும்.

ஆவுடைத்தாய் பீடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இருபத்துநாலு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாசானத்தின் பக்கம் திரும்பி, சொல்லுங்க என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

மாசானம் அந்த முடிச்சை வைக்கவில்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், தை மாதம் பதினான்காம் தேதி, ஆவுடைத்தாயும் அவள் கணவனும் கிழக்கே திரும்பிக் கண்ணை மூடியிருந்தபோது, அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் காரையைப் போட்டு மூடி, மூன்று முறை தட்டினார். அடுத்த வாரம் அவருடைய மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் வீட்டில் நகை போடமாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், வெறுங்காதோடு பிள்ளையை ஊர் நடுவில் உட்காரவைக்க அவருக்கு முடியவில்லை. தங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள நேரமில்லை, பெண்கள் போட்ட மூன்று முடிச்சையும் அவிழ்க்க வேண்டும், அதனால் மொத்தத்தையும் எடுத்தார். வீட்டில் போய் அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே தங்கமாக இருந்தது ஆவுடைத்தாய் தன் தாலிக்கொடியிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு குண்டு. அதை உருக்கித்தான் மகளுக்குத் தோடு செய்தார். எட்டாம் மாதம் அவள் கணவன் லாரி கவிழ்ந்து செத்தான். நிலை வைத்த நேரம் சரியில்லை என்று ஊரில் சொன்னார்கள், அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்றுகூட மாசானத்துக்குத் தெரியும், பதினேழு பேர். வாழ்நாளில் அவர் செய்த பிழை அந்த ஒன்றுதான், அதை யாரும் எண்ணியதில்லை, அவரைத் தவிர.

இப்போது வைத்தேன் என்று சொன்னால் பெயர்த்துப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது, அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடும். எடுத்தேன் என்று சொன்னால், கட்டினவனின் வாக்குமூலமே சாட்சியாகி அவள் வீடு அவளுக்குக் கிடைக்கும், ஆனால் இருநூற்றுப் பதினாறு பேர் முன்னால் மாசானம் என்கிற பெயருக்கு அன்றோடு ஒன்றுமில்லை, தாலிக்குண்டைத் திருடினவன் என்ற பெயர்தான் மிஞ்சும். அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்கம்மா," என்றார்.

"எது ஞாபகம் இல்ல? முடிச்சா?"

"முடிச்சும் இல்ல, வீடும் இல்ல. எத்தனையோ கட்டியாச்சு."

மாசானத்துக்கு ஞாபகம் இல்லை என்பதை அங்கே யாருமே நம்பவில்லை, ஆனால் தேநீர்க் கடைக்காரருக்கு இரண்டு பலகை அதிகம் கிடந்தது, கோமதிநாயகத்துக்குப் புதுச் சட்டை இருந்தது, ஐந்தோடு நின்றுபோன ஊருக்கு ஆறு கிடைத்திருந்தது. அதனால் இருநூற்றுப் பதினாறு பேரும் அவரவர் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடைத்தாய் மட்டும் எழுந்து நின்றாள்.

"ஒம்பதாயிரத்து முந்நூத்தி நாப்பது செங்கல்னு மூணு வாரம் முன்னாலதான சொன்னீய அண்ணாச்சி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு எடுத்துக்கொடுப்பதுபோலச் சொன்னாள். பிறகு இன்னும் மெதுவாக, "ஏழே முக்கா அடி அடுக்களை," என்றாள்.

மாசானம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த வழியே போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. ஆவுடைத்தாய் முறத்தையும் நாலு பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறைக்குப் போனாள். மீசை வைத்த கல் உருவத்தைக் கேட்டாள், அது கட்டடத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள். பேருந்துகள் நின்றன. முதல் வாரம் நாலு, அடுத்த வாரம் ஒன்பது. வந்தவர்கள் கோட்டையையும் குளத்தையும் ஓர் ஓட்டம் பார்த்துவிட்டு அரசனின் அரண்மனைக்கு வந்தார்கள், யாளியின் வாயில் கையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள், இவ்வளவு சிறிய அடுக்களையில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைத்தார்கள் என்று வியந்தார்கள், இந்தக் காலத்தில் இப்படிக் கட்ட ஆள் ஏது என்று சொல்லிக்கொண்டார்கள். ஊரில் எல்லாருக்கும் கொஞ்சம் சதை பிடித்தது. ஆவுடைத்தாயைத் தெருவில் பார்த்தால் அன்பாகவே பேசினார்கள், அவளுக்கு என்று ஒருவர் ஒரு தலையணைகூடக் கொடுத்தார்.

மாசானத்துக்கு மட்டும் எண்ணிக்கை தப்ப ஆரம்பித்தது. ஒரு வரிசைக்கு நாற்பத்திரண்டு கல் என்று சொல்லிவைத்தால் நாற்பத்தொன்றில் சுவர் முடிந்தது. திரும்ப எண்ணினால் நாற்பத்து மூன்று வந்தது. எல்லைத் தகராறில் அவர் சொன்ன அளவை முதன்முதலாக ஒருவர் நாடா வைத்துச் சரிபார்த்தார், மூன்று அங்குலம் பிசகியிருந்தது. ஐப்பசி வரை தாங்கினார். ஐப்பசி ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு, நாற்பத்து மூன்று பேர் கொண்ட ஒரு கூட்டம் கொலுமண்டபத்தில் நின்றபோது, வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு, நேரே நடந்து போய் நிலைப்படியில் ஏறி நின்று, அதுவரை நாலு பேர் நடுவில் வாய் திறக்காத மனிதர், எல்லாவற்றையும் சொன்னார். தேதியைச் சொன்னார், செங்கலைச் சொன்னார், அவர்கள் இரண்டு பேரும் எந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள் என்று சொன்னார், மஞ்சள் துணியைச் சொன்னார், தாலிக்குண்டைச் சொன்னார்.

"எடுத்தது நான்தான். இந்தக் கையிதான். இந்த நிலைக்கு அடியில ஒண்ணும் கிடையாது. இது ராசா கட்டுனது இல்ல, ஆவுடைத்தாய் பீடி சுத்திக் கட்டுன வீடு," என்று முடித்தார். கண்ணீர் தாடியில் நின்றது.

நாற்பத்து மூன்று பேரும் கை தட்டினார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார். கோமதிநாயகம் ஒரு கணம்தான் திகைத்தான். "கேட்டுக்கிடுங்க சார்," என்று பிரம்பை நிலைப்படியின் பக்கம் நீட்டினான். "அரமனைக்கு நிலை வச்ச ஆசாரி ராணியோட தாலிக்குண்டைத் திருடிட்டான்னு இந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. இவரு அந்த வம்சம். கதையத் தானே செஞ்சாப்புல சொல்லுதது இவுக வழக்கம்."

மாசானம் அன்றே பேருந்து ஏறி அதிகாரியம்மாவிடம் போனார். அவள் உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டு, பொறுமையாக எழுதிக்கொண்டாள். நிலையைப் பெயர்த்துப் பாருங்கள் என்று அவர் கெஞ்சினார். அடியில் ஒன்றுமில்லை என்று நீங்களே சொல்கிறீர்களே, ஒன்றுமில்லாத இடத்தை எதற்குப் பெயர்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லாததுதான் சாட்சி என்றார் அவர். ஞாபகமில்லை என்று நீங்கள் போட்ட கையெழுத்து இருக்கிறது, அது சாட்சி என்றாள் அவள், கடுமையில்லாமல். பிறகு, வாய்வழிக் கதைகள் அழிந்துகொண்டிருக்கிற காலத்தில் இது அரிய கதை என்றும், அதை விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னாள். அதிலிருந்து பதினைந்தாம் நாள் கொலுமண்டபத்துப் பலகையில் அந்தக் கதை இரண்டு வரியாகக் கூடியிருந்தது.

அன்றிலிருந்து காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் மாசானம் நிலைப்படியில் நின்று சொன்னார். வேறெங்கு சொன்னாலும் ஊர் காது கொடுக்கவில்லை, தேநீர்க் கடையில் ஆரம்பித்தால், நாலு மணிக்குச் சொல்லும் அண்ணாச்சி என்று சிரித்தார்கள், அதனால் கேட்கிற ஒரே இடத்தில் சொன்னார். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. மகள் திருப்பூரிலிருந்து பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் நின்று கேட்டாள், காதில் அந்தத் தோடு மின்னியது, முடிந்ததும் அப்பா நல்லாச் சொல்லுதீய என்று தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். உன் காதில் இருப்பதுதான் அது என்று அவர் சொன்னார். அவள் பிள்ளைகளைப் பார்த்து, தாத்தாவுக்கு இன்னும் கதை முடியவில்லை என்றாள்.

கார்த்திகை கடைசியில், மழை விட்ட ஒரு நாலு மணிக் கூட்டத்தில், ஆவுடைத்தாய் வந்தாள். எல்லாரையும்போல வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு, முப்பத்தோராவது ஆளாக உள்ளே வந்து, கடைசி வரிசையில் ஒரு யாளியின் பக்கத்தில் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். கூட்டத்தை விட்டுவிட்டு அவளுக்கு மட்டும் சொன்னார். அவள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாள் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தார், தாலிக்குண்டு என்று சொன்னபோது பார்த்தார், பதினேழு பேர் பேசினதைச் சொன்னபோது பார்த்தார். அவள் முகம் மற்ற முப்பது முகங்களைப் போலவே இருந்தது. அவர் படியை விட்டு இறங்கினார், ஆட்கள் விலகி வழிவிட்டார்கள், அவள் முன்னால் போய்க் கையைக் கூப்பி, "தாயி, நான் எடுத்தேன்," என்றார்.

அதுவரை சொன்னதில் அதுதான் சிறந்த இடம் என்று கூட்டம் நினைத்திருக்க வேண்டும், கைதட்டல் கூரையை இடித்தது, வௌவால்கள் கலைந்தன. ஆவுடைத்தாயும் கை தட்டினாள். மற்றவர்கள் தட்டிய அளவுக்குத் தட்டினாள், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பிறகு மடியில் ஒட்டியிருந்த பீடித்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பி, வெளியே போகிற வழி எது தம்பி என்று கேட்டாள்.